தள்ளுபடி யாருடைய தருமம்?

ஜோகூர் மாநிலத்து மாசாயில் உள்ள என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எனக்குக் காசு கொடுப்பதில்லை. மருந்துக்குத்தான் கொடுக்கிறார்கள், அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். கவுண்டரில் நாற்பத்தைந்து வெள்ளி என்று சொன்னதும் மருந்துப் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, ஒரு புட்டி இருமல் மருந்து, அதோடு ஓர் ஆண்டிபயாட்டிக்கும் இருந்துவிட்டால் டாக்டர் கைராசிக்காரர். பதினைந்து நிமிடம் பரிசோதித்து, "இது வைரஸ் காய்ச்சல், மூணு நாள்ல தானா எறங்கிடும், தண்ணி நெறைய குடிங்க, மருந்து வேணாம்" என்று சொல்லி முப்பது வெள்ளி கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமே குடுக்கலியே டாக்டர்?" என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. பல ஆண்டுகளாக நாங்கள் அவர்களை அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

சட்டமும் இந்தப் பழக்கத்துக்குத் துணை நின்றது. தனியார் சுகாதார நிலையங்களுக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் 2006-இல் நடைமுறைக்கு வந்தபோது, சாதாரணத் தனியார் டாக்டரின் ஆலோசனைக் கட்டணம் 10 வெள்ளி முதல் 35 வெள்ளி வரை என்று அட்டவணையில் ஏறியது. அதற்குப் பிறகு தனியார் மருத்துவமனை நிபுணர்களின் கட்டணம் உயர்ந்தது. எங்கள் வரி மட்டும் அதே இடத்தில் நின்றது. 2013-இல் தீபகற்ப மலேசியாவில் முதல்முறையாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது அது 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700. என் கவுண்டரில் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய சம்பளம், அதன்மேல் நான் கட்டும் இபிஎஃப் 13 விழுக்காடு, சொக்சோ, கடை வாடகை, ஊசிக் கழிவை எடுத்துப் போகும் கம்பெனிக்கு மாதக் காசு, ஆண்டுக்கொரு முறை பிராக்டிஸ் உரிமம், வழக்கு வந்தால் காப்பதற்கு ஒரு காப்புறுதி. நான் லீவில் போனால் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் லோக்கம் டாக்டர். இத்தனையும் அந்த 35 வெள்ளிக்குள் அடங்கவில்லை. எனவே டாக்டரின் கூலி மருந்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. மலேசியாவில் மருந்து கொடுப்பதும் டாக்டரே என்பதால் ஒளிவதற்கு இடமும் வசதியாக அமைந்தது.

2025 மே 1-ஆம் தேதி அந்த மறைவிடத்தைத் திறந்துவிட்டார்கள். கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவு. அதைப் பிறப்பித்தது மருத்துவச் சட்டத்தின் கீழ்கூட இல்லை. கொள்ளை லாபத்தைத் தடுக்க வந்த 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். மே 6-ஆம் தேதி டாக்டர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். நான் போகவில்லை. அன்று கிளினிக்கை அடைத்தால் அன்றைய வாடகைக்கு யார் பொறுப்பு? ஆனாலும் 'கொள்ளை லாபம்' என்ற சொல் இருக்கும் சட்டத்தில் என் தொழிலையும் சேர்த்தார்களே என்ற சுணக்கம் எனக்கும் இருந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் ஆலோசனைக் கட்டணத்தின் உச்சவரம்பு 80 வெள்ளி ஆனது. மாசாயில் எண்பது வெள்ளி வாங்கும் தைரியம் எந்த டாக்டருக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு இல்லை.

விலைப்பட்டியலை மாட்டிய முதல் வாரத்தில் ஓர் இளைஞர், பாசிர் கூடாங்கில் ரசாயனக் கிடங்கில் வேலை பார்ப்பவர், கைப்பேசியையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டாக்டர், இதே மாத்திரை பார்மசில பாதி வெலதானே, இங்க ஏன் இவ்ளோ?" நான் சொன்னேன்: "மீதிப் பாதி நான், தம்பி." அவர் சிரித்தார். எனக்குத்தான் அந்தப் பதில் அன்று ராத்திரி முழுக்கக் குடைந்தது. மீதிப் பாதி நான் மட்டும்தானா?

கவுண்டர் மேசை இழுப்பறையில் ஒரு 555 நோட்டு இருக்கிறது. மலேசியாவில் மளிகைக்கடைக் கடன் வைத்த எல்லாருக்கும் தெரிந்த அதே சின்ன நோட்டு. அதில் பெயரும் தொகையும் இருக்கும். தேதி பல நேரம் இருக்காது. மகன் சிங்கப்பூரில் வேலையிழந்த பாட்டி, டயாலிசிஸ் செய்துகொள்ளும் லோரி டிரைவர், மூன்று பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அம்மா. "ஆயா, பரவால்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நான் சொன்னதும் கவுண்டரில் இருக்கும் அக்கா ஒன்றும் பேசாமல் இழுப்பறையைத் திறப்பார். எழுதாமலே விட்டவையும் உண்டு: இருபது வெள்ளி குறைத்தது, ஊசிக்குக் காசு வாங்காதது. கோவிட் பரவலால் 2020 மார்ச் 18-ஆம் தேதி சிங்கப்பூர் எல்லையை மூடியபோது இந்த நோட்டு தடித்துப் போனது. அதிகாலையில் மோட்டாரில் பாலம் தாண்டிப் போய் வேலை பார்த்தவர்களின் சம்பளத்தில்தான் இந்தத் தாமான் குடியிருப்புகளில் பாதி நடக்கிறது. 2022 ஏப்ரல் 1 வரைக்கும் தரைவழி முழுமையாகத் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்தது. கோயிலில் பொன்னாடை கூடப் போர்த்தினார்கள்.

அந்தப் பொன்னாடை எனக்கு உரியதா என்பதுதான் கேள்வி. தொழில் செய்பவன் கருணையாக இருக்கலாமா என்ற பழைய கேள்வியைவிட இது குறுகலானது, என் அனுபவத்தில் இன்னும் கடினமானது. பாட்டிக்கு நான் இருபது வெள்ளி குறைத்தேன். மாதக் கடைசியில் வாடகை குறையவில்லை, சம்பளம் குறையவில்லை, என் வீட்டுக்கு எடுத்துப் போனதும் பெரிதாகக் குறையவில்லை. அப்படியென்றால் அந்த இருபது வெள்ளியை யார் கொடுத்தார்? பாட்டிக்கு அடுத்து உட்கார்ந்திருந்த நேப்பாளத் தொழிலாளி கொடுத்தார். கம்பெனி செலவை ஏற்கும் பேனல் அட்டை இல்லாமல், ரொக்கமாக, மருந்து விலையில் கலந்து, தனக்குத் தெரியாமலே. அவர் பாட்டியைவிட வசதியானவர் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. அறம் செய்தவர் அவர். பொன்னாடை எனக்கு.

என் நண்பர், ஸ்கூடாயில் கிளினிக் வைத்திருப்பவர், இதைக் கேட்டுக் கையை உதறினார். "எல்லா வியாபாரமும் அப்படித்தான்யா. ஒருத்தன்கிட்ட வாங்கி ஒருத்தனுக்குக் குடுக்கறது. இதுல போயி பாவ புண்ணியம் பாக்கறியா?" வியாபாரத்தில் அப்படித்தான். ஆனால் வியாபாரிக்கு யாரும் பொன்னாடை போர்த்தி, 'தெய்வம் மாதிரி' என்று சொல்வதில்லையே. அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ளும்போது கணக்கும் காட்டத்தானே வேண்டும்?

என் அப்பா உலு திராம் பக்கத்துத் தோட்டப் பள்ளி வாத்தியார். நான் டாக்டருக்குப் படிக்கப் போனபோது அவர் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: இல்லாதவனிடம் வாங்காதே. அதற்கு அவர் வைத்திருந்த ஆதாரம் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், 220. பிறருக்கு உதவியதால் ஒருவனுக்குக் கேடு வருமானால், தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளத் தகுந்த கேடு அது என்பது அதன் பொருள். அப்பா இதைச் சொல்லும்போது குரல் உயரும். தோட்டத்துச் சம்பளத்தில் மற்றவர் பிள்ளைகளுக்கும் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர் என்பதால் சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது.

என் மனைவி கிளினிக்கின் கணக்கைப் பார்ப்பவள். அவளுக்கும் ஒரு குறள் உண்டு. அதே நூலில், இருநூற்று அறுபது குறள் தள்ளி, வலியறிதல் அதிகாரத்தின் கடைசியில், 480. தன்னிடம் என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்க்காமல் செய்யும் ஒப்புரவு, செல்வத்தைச் சீக்கிரமே கெடுத்துவிடும் என்கிறது. இரண்டிலும் ஒப்புரவுதான் பேச்சு. ஒன்று கெட்டாலும் செய் என்கிறது, மற்றது கெட்டுவிடுவாய், அளந்து பார் என்கிறது. மாமனாரும் மருமகளும் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் மோதியதை நான் பலமுறை நடுவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இருவரும் வள்ளுவரைத் தங்கள் வக்கீலாகவே பேச வைத்தார்கள்.

அப்பா போன பிறகுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. 220 அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. வீட்டுக்காரனைப் பார்த்துச் சொன்னது. 480 பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. நாட்டை ஆள்பவனைப் பார்த்துச் சொன்னது. வீட்டுக்காரன் தன்னை விற்கலாம், விற்கப்படுவது அவனுடையது. அரசன் தன் இரக்கத்துக்காக நாட்டை விற்க முடியாது, நாடு அவன் ஒருவனுடையது இல்லை. அப்படியானால் என் கிளினிக் வீடா, குட்டி நாடா? என் ராஜ்யத்தின் அகலம் ஒரு கடை வரிசையில் ஒரு கதவு என்பது தெரிந்துதான் கேட்கிறேன். மூன்று பெண்களின் சம்பளம் அதில் இருக்கிறது. 555 நோட்டில் இருக்கும் பாட்டியின் அடுத்த மாத ரத்த அழுத்த மாத்திரையும் அதில்தான் இருக்கிறது. நான் தாராளமாகக் கொடுத்துக் கொடுத்துக் கதவை அடைத்தால் என் பெயர் தியாகி, பாட்டியின் கதி பஸ் பிடித்து அரசாங்க கிளினிக் வரிசை. அங்கே செலவு பெரிதில்லை, மருத்துவமும் குறைவானதில்லை. ஆனால் முட்டிவலியோடு காலையில் போய் மத்தியானம் வரை காத்திருக்க வேண்டும். இந்த அளவில் நான் மனைவி கட்சி. அப்பாவின் குறள் என் சொந்தப் பணப்பைக்கு, மனைவியின் குறள் கிளினிக் கல்லாப்பெட்டிக்கு என்று பிரித்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டு குறளும் எடுத்துக்கொள்ளாத ஒரு நிலைமை பாக்கி நிற்கிறது. இரண்டிலும் கொடுப்பவன் தன்னுடையதைக் கொடுக்கிறான். நேப்பாளத் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது எந்த அதிகாரத்தில் வரும்? வள்ளுவர் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். அதில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியது: பசித்த பின் சாப்பிடு, முன்னே சாப்பிட்டது செரித்த பின் சாப்பிடு. கடைசிக் குறளில் மருத்துவம் என்பதற்கு நோயாளி, டாக்டர், மருந்து, பக்கத்திலிருந்து பார்ப்பவர் என்று நான்கு கூறுகளைக் கணக்கில் எடுக்கிறார். காசு கட்டுபவர் அந்த நான்கில் இல்லை. வள்ளுவர் பேனல் கிளினிக் நடத்தியவர் இல்லை என்பது அந்த இடத்தில் நிச்சயமாகிறது.

வடமொழி மருத்துவ நூலான சரக சம்ஹிதையில் கூலிப் பேச்சு உண்டு, அதுவும் இரண்டு பக்கமும். சிகிச்சையைக் கடைச்சரக்காக விற்பவன் பொற்குவியலை விட்டுவிட்டுப் புழுதிக் குவியலை அள்ளுகிறான் என்று டாக்டரைக் கடிந்துகொள்கிறது. அதே பகுதியில், கொஞ்சம் முன்னே, குணமான பிறகு வைத்தியனுக்கு ஒன்றும் செய்யாத நோயாளிக்கு, வாக்குக் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்தப் பாவத்துக்குக் கழுவாயே கிடையாது என்று மற்றவனையும் கடிந்துகொள்கிறது. எங்கள் ஆட்கள் மேடையில் பேசும்போது முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். டாக்டர்கள் சங்க விருந்தில் இரண்டாம் பாதி மட்டும் வரும். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. விற்காதே என்று ஒருவனிடமும், கொடுக்காமல் போகாதே என்று மற்றவனிடமும் சொல்லிவிட்டால், நடுவில் விலை என்ற ஒன்று தேவைப்படாது என்று சரகர் நம்பியிருக்க வேண்டும். மாசாயில் நடுவில் வாடகைக்காகக் கடைச் சொந்தக்காரர் நிற்கிறார், ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள்.

கத்தோலிக்கரான ஒரு சக டாக்டர் எனக்குச் சொன்ன கதை இதைவிடக் கறாரானது. கோஸ்மாஸ், தமியான் என்று இரட்டைச் சகோதரர்கள், வைத்தியர்கள், நோயாளியிடம் காசே வாங்காத புனிதர்கள். ஒரு பெண் கெஞ்சிக் கொடுத்த முட்டைகளைத் தமியான் மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டாராம். கோஸ்மாஸ் கோபத்தில், செத்தாலும் என்னை இவனோடு புதைக்காதீர்கள் என்றாராம். முட்டைக்கே இப்படி. எனக்கு முருங்கைக்கீரைக் கட்டு, வாழைப்பழச் சீப்பு, தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு எல்லாம் வருகின்றன. வாங்கிக்கொள்கிறேன். கோஸ்மாஸ் பக்கத்தில் எனக்கு இடம் கிடைக்காது. ஆனால் அந்த இருவரும் எதைச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள், யார் போட்ட சோறு என்று கதை சொல்லவில்லை. காசு வாங்காத எந்த வைத்தியனுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் அடுப்பு மூட்டியிருக்கிறார்.

அடுப்பு மூட்டியவர் யார் என்பதை மறைக்காமல் கல்லில் வெட்டி வைத்த ஒரு காலம் நமக்கே இருந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்த ஆதுலசாலை என்ற மருத்துவமனையில் 15 படுக்கைகள். வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவருபவர்கள், நோயாளியைக் கவனிக்கும் பெண்கள், ஒரு நாவிதர். ஆண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். நான் இதைப் படித்தபோது எனக்குப் பட்டது அதன் பெருமை இல்லை, நிம்மதி. அந்த வைத்தியர் தருமவான் வேஷம் போட வேண்டியதில்லை. அவருடைய கூலி ஊரறிய எழுதியிருக்கிறது. தருமம் செய்தது நிலத்தின் வருமானம், அதைக் கொடுத்தவர்கள், அதை நடத்திய கோயில். நோயாளி வைத்தியரிடம் வாங்கவும் இல்லை, வைத்தியர் அடுத்த படுக்கைக்காரனிடம் சேர்த்து வாங்கவும் இல்லை.

இதே ஏற்பாடு இன்று ஜோகூரில் உயிரோடு இருக்கிறது, கோயிலில் இல்லை, வக்ஃபில். ஜோகூர் மாநிலக் கழகத்தின் வக்ஃப் அந்-நூர் கிளினிக்குகளில் முதலாவது 1998-இல் ஜோகூர் பாருவில் தொடங்கியது. மருந்தோடு சேர்த்து ஐந்து வெள்ளி என்பதுதான் அதன் அடையாளம். எந்த இனத்தவரும் எந்த மதத்தவரும் போகலாம். எங்கள் ஆட்கள் பலர் போய் வந்திருக்கிறார்கள். 2006-இல் அந்தக் கழகம் தன் கம்பெனிகளின் பங்குகளில் 20 கோடி வெள்ளி மதிப்புள்ளவற்றை வக்ஃபாக எழுதி வைத்தது. வக்ஃப் என்றால் மூலதனத்தைத் தொடக்கூடாது, வருமானத்தைத்தான் செலவிட வேண்டும். சோழர் காலத்தில் வயல். இங்கே பனையெண்ணெய்த் தோட்டமும் மருத்துவமனையும் ஈட்டும் லாபப் பங்கு. உள்ளே உட்கார்ந்திருக்கும் டாக்டர் சம்பளம் வாங்குகிறார். ஐந்து வெள்ளி கொடுத்த ஆளுக்காகப் பின்னால் வருகிற ஆள் ஐம்பது கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஏற்பாட்டிலும் எனக்குப் பிடித்தது இதுதான்: கொடுப்பவரும் வைத்தியம் பார்ப்பவரும் வேறு வேறு ஆள், இருவருடைய கணக்கும் வெளியே தெரிகிறது.

எங்கள் தோட்டத்து மக்களுக்கும் இப்படி ஒன்று இருந்ததாக அவர்கள் நினைப்பார்கள். தோட்ட ஆஸ்பத்திரி, டிரெசர் ஐயா, பெரிய பெரிய புட்டியில் கலர் தண்ணி மருந்து, எல்லாம் காசில்லாமல். அது தருமம் இல்லை, அவர்களுடைய உழைப்பிலிருந்து கம்பெனி கழித்துக்கொண்டது என்பது அப்பாவின் வாதம். ஆனாலும் மருந்து என்பது எங்கிருந்தோ தானாக வரும் என்ற நினைப்பு மட்டும் தோட்டம் வீடமைப்புத் திட்டமாகி, ஜனங்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அவர்களோடு வந்துவிட்டது. மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் தோட்டம். இன்று அங்கே காப்பிக் கடைகளும் அடுக்குமாடிகளும். டிரெசருக்குச் சம்பளம் கொடுத்த ஆள் காணாமல் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. 2023-இல் அரசாங்கம் மடானி மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் பத்து மாவட்டங்களில் ஜோகூர் பாருவும் இருந்தது. உதவித்தொகை பெறும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி வரை, அரசாங்கமே தனியார் கிளினிக்குக்குக் கட்டும். நல்ல யோசனை. ஆனால் திடீர் நோய்களுக்கு மட்டும். 555 நோட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் திடீரென்று ஒன்றும் வருவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வருகின்றன.

இந்த இடத்தில் பேனல் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களின் மருத்துவச் செலவை நடுவில் ஒரு நிர்வாகக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அவர்கள் ஒரு வருகைக்கு இவ்வளவுதான் என்று உச்சம் வைப்பார்கள், இந்த மருந்து கூடாது என்பார்கள், பில்லைக் கணினியில் ஏற்றவும் என்னிடமே காசு பிடிப்பார்கள், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கட்டுவார்கள். ஒரு நிர்வாகக் கம்பெனி, குழந்தைக்குக் கொடுத்த காய்ச்சல் மருந்தின் புட்டி அளவு பெரிதாக இருக்கிறதென்று பில்லைத் திருப்பி அனுப்பியது. வேண்டாம் என்று விலகினால் அந்தத் தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் அடுத்த தெருக் கிளினிக்குக்குப் போய்விடுவார்கள்.

சில மாதங்களுக்கு முன் மனைவியிடம் கேட்டேன்: நான் ஏழைகளுக்கு விட்டுக்கொடுத்தது மாதத்துக்கு எவ்வளவு வரும்? அவள் 555 நோட்டையும் பில் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, சராசரியாக ஆயிரத்துச் சொச்சம் என்றாள். ஊர் நினைப்பதில் கால்வாசிகூட இல்லை. பிறகு, நான் கேட்காமலே, பேனல்காரர்கள் என் வழக்கமான கட்டணத்திலிருந்து குறைத்த தொகையையும் கூட்டிக் காட்டினாள். அது மூன்று மடங்குக்கு மேல். ரொக்கம் கொடுக்கும் நேப்பாளத் தொழிலாளியின் பையிலிருந்து போனதில் பாட்டிக்குப் போனது ஒரு பங்கு. மற்ற மூன்று பங்கும் பன்னாட்டுத் தொழிற்சாலையின் மருத்துவச் செலவைக் குறைக்கத்தான் போயிருக்கிறது. ஏழை பணக்காரனுக்குத் தருமம் பண்ணுகிறான், நடுவில் நான் கையேந்தி வாங்கிக் கைமாற்றுகிறேன். இதற்குச் சரகரிடம் பெயர் இருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பில்லை இரண்டாகப் பிரித்தேன். மருந்து ஏறக்குறைய வாங்கிய விலைக்கு, நிர்வாகச் செலவு கொஞ்சம் சேர்த்து. டாக்டர் பார்த்த கட்டணம் தனி வரியில். தள்ளுபடி வந்தால் இந்த இரண்டாவது வரியில் மட்டும்தான் வரும். அப்போது குறைவது என் வருமானம், வேறு யாருடைய மருந்து விலையும் இல்லை. நான் எதிர்பார்க்காத ஒன்றும் கூடவே நடந்தது. மருந்தில் லாபமில்லை என்று ஆன பிறகு, இருமல் மருந்து எழுதும்போது கை நின்று யோசிக்கிறது. இது இவருக்கு வேண்டுமா, அல்லது பைக் கனத்துக்கா? கீதையின் பலன் எதிர்பாராத கடமையைக் காலண்டரில் அச்சடித்து எல்லாக் கிளினிக் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள். பலன் மருந்துப் புட்டிக்குள் இருக்கும்வரை அதை எதிர்பாராமல் இருப்பது மனித சுபாவத்துக்கு மேற்பட்டது. புட்டியிலிருந்து அதை வெளியே எடுத்து வைப்பது சாதாரண மனிதனாலும் முடிகிற காரியம்.

கிளினிக்கில் இது எடுபட்டதா என்றால், பாதிப் பாதி. "பாத்ததுக்கே முப்பது வெள்ளியா?" என்று வராமல் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். முன்பு அவர்கள் இதைவிட அதிகமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. ஒரு பாட்டி, நோட்டில் பழைய பெயர், தள்ளுபடி வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் டாக்டரு, இத எழுதிக் காட்டணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மறைவாகக் கொடுத்தபோது அவருக்கு மானம் இருந்தது. கணக்கு சுத்தமானதும் கடன்பட்டவராகிவிட்டார். வாங்குகிறவரின் கூச்சத்தை மறைக்க வேண்டும், கொடுக்கிறவரின் பெயரை மறைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே பில் காகிதத்தில் எப்படிச் செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இப்போதைக்கு அவருடைய பில் மட்டும் அச்சாவதில்லை.

பக்கத்துக் கோயில் நிர்வாகம் ஆண்டுதோறும் என்னை இலவச மருத்துவ முகாமுக்குக் கூப்பிடும். கூடாரம், பேனர், ரத்த அழுத்தம் பார்த்து ஒரு பட்டை மாத்திரை. இந்த முறை நான் வேறொன்று கேட்டேன். முகாம் வேண்டாம். வட்டாரத்தில் இருபது முதியவர்களின் பெயரைக் கோயிலே தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் ஆண்டு முழுக்க என்னிடம் வரட்டும். மருந்துக் காசையும் என் கட்டணத்தையும் கோயில் அன்னதான நிதி மாதிரி ஒரு நிதி வைத்து மாதாமாதம் எனக்குக் கட்டட்டும். யாருடைய பெயரில் யார் கட்டினார்கள் என்று கோயில் கணக்கில் இருக்கும். பாட்டிகளுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

பொருளாளர், எனக்கு நெடுநாள் பழக்கம், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ன டாக்டர், கோயிலுக்கே பில் போடுவீங்களா?"

"போடுவேன்ணே. முப்பது வெள்ளி. அதுல தள்ளுபடி கெடையாது."

கூட்டத்தில் இருந்த ஒருவர் சிரித்தார், இரண்டு பேர் சிரிக்கவில்லை. நான் சொந்தமாக எவ்வளவு போடுவேன் என்று செயலாளர் கேட்டார். மனைவியின் கணக்கு சொன்ன அந்த ஆயிரத்துச் சொச்சத்தை மாதாமாதம் நிதியில் போடுகிறேன், உபயதாரர் பட்டியலில் மற்றவர்களோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வலது கையால் போட்டு இடது கையால் எடுக்கிறீர்களே என்றார் அவர். எடுக்கிற கை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று எழுதிக்கொண்டார்கள். ராஜகோபுர வர்ணப் பூச்சுக்கான விலைப்புள்ளிகளுக்கு அடுத்த பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள்.